அதுக்குள்ள என்ன கறி?

எங்கள் படிப்பகத்துக்கு எட்டாவது படிக்கும் ஒரு பெண் வருகிறாள். பெயர் வேண்டாம், பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கணக்குப் போடச் சொல்லிவிட்டு நான் வெளியே போன நேரத்தில் என் போனை எடுத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்சிகோ நகரத்தில் ஏதோ ஒரு தெருமுனை. தள்ளுவண்டியில் பெரிய இரும்புத் தட்டு, அதில் கறி வதங்குகிறது. கடைக்காரர் ஒரு கையால் நாக்கைப் பொடியாக நறுக்கி, உள்ளங்கை அகல ரொட்டியில் வைத்து, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி நீட்டுகிறார். கோட்டுப் போட்டவர், கட்டட வேலைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லோரும் தோளோடு தோள் இடித்து நின்றபடி தின்கிறார்கள்.

"அண்ணா, இவங்க நாக்கு, குடலு, தலைக்கறி எல்லாம் திங்கிறாங்க."

"ஆமா."

"அப்ப இவங்கல்லாம் காலனியாண்ணா?"

தோழர்களே, உணவு அரசியல் பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம நாமளே செஞ்சி பாக்கலாம்" என்று சொல்லித் தப்பித்தேன்.

செய்வதற்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டபோதுதான் சிரிப்பு வந்தது. மக்காச்சோளம், சுண்ணாம்பு, மாட்டு நாக்கு, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சம்பழம். சென்னையில் மால் மால் என்று தேடி அலைந்து வாங்கும் இந்தச் சாப்பாட்டில், ரிஷிவந்தியத்தில் கிடைக்காத பொருள் ஒன்றுகூட இல்லை.

மக்காச்சோளத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. தியாகதுருகம், சின்னசேலம், சங்கராபுரம் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே மக்காச்சோளக் கொல்லைதான். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலத்திலும் இப்போது அது ஏறிவிட்டது. அறுப்புக் காலத்தில் பாதித் தார்ச்சாலையை மறித்துக் காயப்போட்டிருப்பார்கள். அம்மா கூலிக்குக் கருது ஒடிக்கப் போவார். அறுப்பு முடிந்த கொல்லையில் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டும் வருவார். அப்படிப் பொறுக்கியது வீட்டில் ஒரு மூட்டை இருந்தது. அதுவும் எங்கள் கோழிக்குத்தான். ஊரில் விளைவது லாரி லாரியாக நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கும் ஸ்டார்ச் ஆலைகளுக்கும் போகிறது. விதைக்கிறவரும் தின்பதில்லை, ஒடிக்கிறவரும் தின்பதில்லை.

"கோழிக்குப் போடுறத மனுசன் திம்பானா?" என்றார் அம்மா.

தின்றிருக்கிறான். ஏறத்தாழ ஒன்பதாயிரம் வருஷமாகத் தின்கிறான். தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்ற ஒரு புல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்து, விரல் நீளம்கூட இல்லாத அதன் கதிரை இன்றைய கருதாக்கியது அங்குள்ள பழங்குடிகள். நம் மிளகாய், தக்காளி, மரவள்ளி, மணிலாக்கொட்டை எல்லாமே அந்தக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதான். (2018இல் நம் கொல்லைகளை மொட்டையடித்த படைப்புழுவும் அங்கிருந்து வந்ததே. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் காய்ந்த மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்தால் ரொட்டி வராது. மாவு ஒட்டாமல் உதிரும். இங்கேதான் சுண்ணாம்பு வருகிறது. ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு. ஆயாவின் சுருக்குப்பையில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டி நிறைய எடுத்து மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். சோளத்தைப் போட்டு முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும். எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ நல்லது. அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். கடையில் விற்கும் விதைச்சோளத்தை எந்தக் காரணம் கொண்டும் எடுக்காதீர்கள், மருந்து தடவியிருப்பார்கள். பூஞ்சணம் பிடித்ததையும் பொறுக்கி எறியுங்கள்.

காலையில் மூடியைத் திறந்தபோது, வெள்ளையடித்த சுவரில் மழை பட்டதுபோல ஒரு வாசம். மஞ்சள் அடர்ந்து செம்மஞ்சளாகியிருந்தது. கையால் தேய்த்தால் தோல் வழவழவென்று கழன்று வருகிறது. நாலு தண்ணீர் மாற்றி அலசினோம். இதற்கு நிக்ஸ்டமால் என்று பெயர். சாம்பலும் மாவும் சேர்ந்த நாவாட்ல் மொழிச் சொல் அது. அஸ்டெக்குகள் பேசிய மொழி, இன்றும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள்.

இந்தச் சுண்ணாம்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்து நம் உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பில் வேகவைத்தால்தான் அது விடுபடும். ஸ்பானியர்கள் தானியத்தைக் கப்பலில் ஏற்றிப் போனார்கள், அதைச் சமைத்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளைவு, மக்காச்சோளமே கதியென்று ஆன ஐரோப்பிய ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. தோல் வெடித்து, வயிறு போய், புத்தி கலங்கிச் சாகும் நோய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி ஆலைக் கூலிகளும் கறுப்பினக் குத்தகை விவசாயிகளும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தொற்றுநோய் என்றார்கள், ஏழைகளின் பரம்பரைக் கோளாறு என்றும் சொன்னார்கள். இல்லை, தட்டில் இருக்கும் வறுமைதான் நோய் என்று ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் நிரூபித்த பிறகும் பலர் ஏற்கவில்லை. நியாசின்தான் மருந்து என்று 1937இல் தெரிந்தது. சமையலறையில் அம்மியடியில் மண்டியிட்டிருந்த பெண்களின் கையில் இருந்த வித்தை, ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. "படிக்காதவங்களுக்கு என்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பு நினைவுக்கு வரும்.

முதல் ஈடு பாழ். மிக்ஸியில் சுற்றவில்லை என்று தண்ணீர் ஊற்றி, ஊற்றி, கடைசியில் தோசை மாவாகிவிட்டது. அதைத் தோசையாகவே ஊற்றிக் கோழிக்குப் போட்டோம். கோழி தின்றது. இரண்டாவது ஈட்டை, முன்பு அரசாங்கம் விலையில்லாமல் கொடுத்த கிரைண்டரில் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரைத்ததில் கெட்டியாக வந்தது, ஆனால் நொய்நொய்யாக. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்காமல் அம்மியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெக்சிகோவிலும் இதே கல்தான், மெட்டாட்டே என்பார்கள், மூன்று கால் வைத்த அம்மி. அங்கே ஆலைகள் வரும்வரை ஒரு குடும்பத்தின் ரொட்டிக்காகப் பெண்கள் தினமும் மணிக்கணக்கில் மண்டியிட்டு அரைத்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீ கொஞ்ச நேரம் மண்டி போடு" என்று எழுந்துகொண்டார். பேசியதற்குத் தண்டனையாக மீதி மாவை நான்தான் அரைத்தேன். இரண்டு நாள் தோள்பட்டை வலி.

மாவு சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் ஈரமாக, களிமண்ணைப்போல இருக்க வேண்டும். எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, கழுவிய பால் கவரை வெட்டி இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, தட்டையான ஒரு தட்டால் அழுத்தினால் வட்டமாகும். தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் கிடையாது. போட்டு இருபது எண்ணுவதற்குள் திருப்பி, மறுபக்கம் ஒரு நிமிஷம், மறுபடி திருப்பி விரல் நுனியால் லேசாகத் தட்டினால், வாய்த்தால், பூரிபோல எழும்பும். எழும்பிய முதல் ரொட்டிக்குப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். சுட்டதைத் துணியில் சுற்றி மூடி வைக்காவிட்டால் அப்பளமாகிவிடும். கடைகளில் பார்க்கும் மொறுமொறு ஓடு அமெரிக்காவில் பிரபலமானது. மெக்சிகோ தெருவில் இந்த மெத்தென்ற ரொட்டிதான்.

இனி கறி.

நாக்கு ஒரு மாட்டுக்கு ஒன்றுதான், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பக்கத்து ஊர்ச் சந்தையில், ஆட்டுக்கறிக் கடைகள் ரோட்டைப் பார்த்து இருக்கின்றன. எங்கள் கடை பின்னால், பச்சைத் துணித் திரைக்கு உள்ளே. திரை கட்டச் சொல்லி எந்தச் சட்டமும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கட்டாவிட்டால் கடை இருக்காது என்பது கடைக்கார பாய்க்குத் தெரியும். ஒன்றேகால் கிலோ நாக்கைக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்தார். அம்மா அதை ஒயர்கூடையின் அடியில் வைத்து மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பரப்பினார். யாரும் சொல்லித் தராமல் அவர் கை அதைச் செய்தது. பஸ்ஸில் ஒருவர் "கீரை என்ன வெலைம்மா" என்று கேட்டார். அம்மா விலை சொன்னார்.

அந்தக் கீரைக்கட்டைப் பார்த்ததும் எனக்கு என் கல்லூரி விடுதி ஞாபகம் வந்துவிட்டது. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். முதல் வருஷம் ஊரிலிருந்து திரும்பும்போது ஆயா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புக்கண்டம் வறுத்துக் கொடுத்தனுப்பினார். அறையில் நாலு பேர். திறந்ததும் வாசம். "டேய் சூப்பர்டா, என்ன கறி?" என்றான் ஒருத்தன். "ஆட்டுக்கறி" என்றேன். எல்லோரும் தின்றார்கள், விரலை நக்கித் தின்றார்கள். மூன்றாம் நாள் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வந்து, எங்கள் தெரு எது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி ஒருத்தன் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்தான். மூன்று நாளுக்கு முன் தின்றதை. பாட்டிலை நான் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஆயா கேட்டபோது "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றேன். அதுவும் உண்மைதானே.

சரி, நாக்குக்கு வருவோம். நன்றாகக் கழுவி, வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, உப்பு, பட்டை இலை போட்டுக் குக்கரில் முக்கால் மணி நேரம். சூடாக இருக்கும்போதே மேல்தோலை உரித்துவிட வேண்டும், ஆறினால் கழலாது. உள்ளே கறி வெண்ணெய்போல இருக்கும். பொடியாக நறுக்கி, கல்லில் கொஞ்சம் கொழுப்பு விட்டு ஓரம் முறுகும்வரை புரட்டினோம். சல்சா என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, சுட்ட தக்காளிச் சட்னி. தக்காளி, மிளகாய், பூண்டு எல்லாவற்றையும் கரியச் சுட்டு அம்மியில் ஓட்டினால் ஆயிற்று. அங்கே பச்சைச் சல்சாவுக்குத் தோமாத்தியோ என்று ஒரு காய், உறைக்குள் இருக்கும். படத்தைப் பார்த்ததும் பாப்பா கத்தினாள், "அண்ணா, சொடக்குத்தக்காளி!" உண்மைதான், இரண்டும் ஒரே பேரினம், நம்முடையது சின்னது. வரப்போரத்தில் பழுத்ததாகப் பார்த்து இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் அடித்து வெடித்தது போக மிச்சம் அரைக்கப் போதுமானதாக இருந்தது.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பாப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றேன். அங்கே நாக்குக்கு லெங்குவா, குடலுக்குத் திரிப்பா, தலைக்கறிக்குக் கபேசா. பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள், திரை கிடையாது. உப்புக்கண்டத்துக்கும் பெயர் உண்டு, செசினா. அப்படியானால் அங்கே இழிவே இல்லையா என்றால், இருந்தது. அங்கே அது கறியில் ஏறாமல் தானியத்தில் ஏறியது. கோதுமை ரொட்டி வெள்ளையருக்கு, சோள ரொட்டி இந்தியர்களுக்கு. இந்தியர் என்று அவர்கள் சொல்வது அந்த மண்ணின் பூர்வகுடிகளை. 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி மனித குலத்தையே கோதுமை இனம், அரிசி இனம், மக்காச்சோள இனம் என்று பிரித்துப் புத்தகம் எழுதினார். கோதுமை தின்பவர்களே முன்னேறுவார்கள், மக்காச்சோளம்தான் மெக்சிகோவின் பின்னடைவுக்குக் காரணம் என்றார். நம் அரிசியும் அவர் கணக்கில் தேறவில்லை. டாக்கோ என்ற பெயரே வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்தது, பாறையை வெடிக்கச் செருகும் காகிதம் சுற்றிய வெடிமருந்துக்கு அந்தப் பெயர் இருந்தது என்கிறார் ஜெஃப்ரி பில்ச்சர் என்ற வரலாற்றாசிரியர். ஆக, சுரங்கக் கூலியின் சாப்பாடு. 1910இல் புரட்சி வந்தது, அதன் பிறகு பூர்வகுடிகளின் சாப்பாட்டையும் நாட்டின் சாப்பாடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நூறு வருஷம் கழித்து, 2010இல், மெக்சிகோவின் மரபான சமையலை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதனால் பூர்வகுடிகளின் வறுமை தீர்ந்துவிட்டதா என்றால் அது வேறு கதை. ஆனால் அந்த ரொட்டியை யாரும் கீரைக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோவதில்லை.

நம் பக்கம் 2022 மே மாதம் என்ன நடந்தது? ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூரில் மாட்டிறைச்சி பிரியாணி எத்தனை பேருக்குச் சோறு என்பது ஊரறிந்தது. திருவிழாவில் அதற்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்துவிட்டார்கள். நமக்கு அடுப்பு எரியலாம், பந்தல் போடக் கூடாது.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு தோழர் எழுந்து, "அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே" என்பார். 1927இல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊரான் மாடு செத்தால் நாம்தான் இழுத்துப் போட வேண்டும், கூலிக்குப் பதில் அந்தக் கறி, அதையே காட்டி நமக்குத் தீட்டு. அந்தக் கட்டாயத்தைத்தான் அறுக்கச் சொன்னார். என் ஆயாவின் அப்பா காலத்தில் எங்கள் தெருவிலும் இனிமேல் செத்த மாடு தூக்க மாட்டோம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்கு வாங்கிய அடியை ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மறுப்பும், காசு கொடுத்து வாங்கிய நாக்கைத் திரையில்லாமல் தின்பேன் என்பதும் என் கணக்கில் ஒரே பாதைதான்.

பன்னிரண்டு பிள்ளைகள், அம்மா, ஆயா, நான். ரொட்டியைக் கையில் பிடித்து, கறி, சல்சா, வெங்காயம், மல்லி, மேலே எலுமிச்சை. ஆயாவுக்குப் பல் இல்லை. நாக்கு அவருக்கென்றே வெந்ததுபோல இருந்தது. "சோளக்களிக்கு இது தேவலாம்" என்றார், அவரிடமிருந்து அது பெரிய விருது.

நான் ஒரு போட்டோ எடுத்து, "டாக்கோஸ் டி லெங்குவா, ரிஷிவந்தியம் ஸ்டைல்" என்று எழுதிப் பழைய கல்லூரி வாட்ஸப் குழுவில் போட்டேன். வம்புக்குத்தான் போட்டேன், மறுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் பதினோரு இதயம். "செமடா", "ரெசிப்பி ப்ளீஸ்", "பெங்களூர்ல இது ஐந்நூறு ரூபாடா". வாந்தி எடுத்தவனும் ஒரு இதயம் போட்டிருந்தான். பிறகு அவனே கேட்டான், "என்ன மீட்டுடா?" இரண்டு நிமிஷம் யோசித்தேன். லெங்குவா என்றே விட்டுவிட்டால் எல்லோருக்கும் சவுகரியம். அந்த ஸ்பானியச் சொல்லும் ஒரு கட்டு முருங்கைக்கீரைதானே. "மாட்டு நாக்கு" என்று தமிழில் தட்டினேன். நீல டிக் வரிசையாக விழுந்தது. பிறகு யாரோ கிரிக்கெட் ஸ்கோர் போட்டார்கள்.

பாத்திரம் கழுவும்போது பாப்பா வந்து நின்றாள். "அண்ணா, நாளைக்கி ஸ்கூலுக்கு ரெண்டு குடுங்க." அம்மா மடித்து டப்பாவில் வைத்துக்கொண்டே சொன்னார், "யாராவது கேட்டா கோழின்னு சொல்லு பாப்பா."

பாப்பா என்னைப் பார்த்தாள். அம்மாவின் அந்தப் பொய்யை நான் இழிவாக நினைப்பதில்லை. மூன்று பிள்ளைகளை அதைச் சொல்லித்தான் அடிபடாமல் வளர்த்திருக்கிறார். வகுப்பில் தனியாக உட்காரப் போவது நானில்லை, பதிமூன்று வயசுப் பெண். நான் வாட்ஸப்பில் காட்டிய வீரத்தை அவள் தலையில் ஏற்றிவிட முடியுமா? "ஒனக்கு எது தோணுதோ அதச் சொல்லு" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கழுவியிருந்தது.

"என்னா சொன்ன?"

"நாக்குன்னு சொன்னேன். எந்த நாக்குன்னு கேட்டாங்க. மாடுன்னேன். ரெண்டு பேரு தட்ட எடுத்துக்கிட்டு அந்தாண்ட போயிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒருத்தி மட்டும் அந்த ரொட்டிய கறி இல்லாம குடுன்னு கேட்டா. குடுத்தேன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா உள்ளேயிருந்து கேட்டார், அடுத்த வாரத்துக்கு எத்தனைப் படி சோளம் ஊறப்போடுவது, நாக்கு ஒன்றுதான் கிடைக்கும், குடலாக வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் வரும் இல்லையா என்று.